பன்னிரண்டாவது ஆள்

எந்தக் கையால் எழுதுவீங்க என்று கேட்டிருக்கிறார் டாக்டர்.
வலது என்றிருக்கிறார் இன்னாசி.
அப்படியானால் இடது என்று முடிவு செய்து
முழங்கை மடிப்பில் இரண்டு நரம்பைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.
எந்தக் கையால் இழுப்பீங்க என்று யாரும் கேட்கவில்லை.
இவரும் சொல்லவில்லை.

தையல் பழுக்கும்வரை கழுத்தில் குழாய்.
அந்தக் குழாய் வழியாகத்தான் கிருமி ஏறியது.
தர்மபுரி பெரியாஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
செசீலி அக்கா கூடையில் ரொட்டிக்கு அடியில்
கம்பிமேல் வழுக்கும் அந்த இரும்புக் கட்டையை
கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள்.
கேட்டாரா, என்றேன்.
இல்ல, வீட்ல தனியா கெடந்தா எனக்குப் பயமாருக்குது.

செய்தி வந்த ராத்திரி
கிருஷ்ணகிரி ரவுண்டானா டீக்கடையில்
ஒன்பது குழுக்காரர்கள் நின்றோம்,
ஒருத்தன் புக்கிங்கை ஒருத்தன் உடைத்தவர்கள்.
முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து
எங்கள் பாடகியைக் கூட்டிப்போன திம்மராயனும் வந்திருந்தான்.
அவனுக்கும் ஏ நெகட்டிவ்.
சட்டைக் கையை அங்கேயே மடித்துவிட்டான்,
டீ மாஸ்டர்தான் ஊசி போடப்போகிறார் என்பதுபோல.

ஆடி முழுக்க
எந்த மேடை, எந்தக் குழு என்றாலும்
சம்பளச் சீட்டில் ஒரு வரி:
இன்னாசி, ஸ்டீல் கிட்டார், ஆயிரத்து இருநூறு.

பர்கூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன்.
விழாக் கமிட்டித் தலைவர் டார்ச் அடித்து எண்ணினார்.
பதினொன்னுதான் வருது. பன்னெண்டு போட்டிருக்கீங்க.
மிக்சரிலிருந்து தலை தூக்காமல் கவுஸ் சொன்னான்:
அவரு தர்மபுரியில சுதி சேர்த்துக்கிட்டு இருக்காருங்க.
எப்ப வருவாரு?
வயர் சுற்றிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான்.
இருநூறைக் கழித்துக்கொண்டு ஆயிரத்தை எண்ணிக் கொடுத்தார்.
கூடவே ஒரு குங்குமப் பொட்டலம்.
செசீலி அக்கா அதை ஜெபமாலை டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

இதை நான் சொல்லியாக வேண்டும்.
என் கீபோர்டில் இருபத்தேழை அமுக்கினால்
ஸ்டீல் கிட்டார் வரும்.
சரியாக வராது. வரும்.
ஆறு வருஷம் முன்பு முதலாளி கேட்டபோது
வரும் என்பதை மட்டும் சொன்னேன்.
அடுத்த வாரம் வேனில் ஒரு சீட் காலி.
மாங்கூழ் ஆலையில் ராத்திரிக் காவலுக்கு அவர் போனார்.

அன்றைக்குப் பர்கூரில் அந்தப் பாட்டு வந்தது.
அவர் வழுக்கி இறங்குகிற இடத்தில்
விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
தாளம் மட்டும் தனியாக நடந்துபோனது.
யோவ், ஸ்பீக்கர் போச்சு, என்று ஒருவன் கத்தினான்.
நான் ஒன்னும் பண்ணல என்று
கவுஸ் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

வெள்ளிக்கிழமை அவரிடம் சொன்னேன்.
குழாயில் ரத்தம் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது,
அதில் திம்மராயன் எத்தனை பங்கோ.
கண் திறக்காமலே திட்டினார்.
காசு வாங்கிட்டு பாட்டுல ஓட்டை விடுவியா?
இருபத்தேழ அமுக்கு.
சக்கரத்த மட்டும் மெல்ல விடு,
எப்பவும் நீ முன்னாடியே போய்ச் சேர்ந்துடற.

எண் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என் விரலை இழுத்துத் தையல்மேல் வைத்தார்.
தோலுக்கடியில் விடாமல் ஒரு அதிர்வு,
மீட்டிவிட்டு யாரோ மறந்துபோன கம்பி.
என்ன சுதி, சொல்லு.
கீபோர்டு இல்லாமல் எனக்குத் தெரியாது.
கவுஸ் குனிந்து காது வைத்தான்.
ஆம்ப் இரையற மாதிரி இருக்குண்ணே, எர்த் சரியில்ல.
சிரிக்க வலித்தது அவருக்கு.
நர்ஸ் வந்து எங்களை விரட்டினாள்.

வேன் காரிமங்கலம் தாண்டும்வரை
விரல் நுனியில் அது ஓடிக்கொண்டே இருந்தது.
பிறகு நின்றது.
பதறிப்போய் செசீலி அக்காவுக்கு போன் அடித்தேன்.
என்னப்பா, என்றாள்.
ஒன்றுமில்லை என்றேன்.